பாம்பைப் பார்த்துச் சிரித்தது தப்பா?

கேள்வி: அம்மா, எனக்கு வயது 31. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீடு கிருஷ்ணகிரியில். கல்யாணமாகி 14 மாதம் ஆகிறது. மனைவிக்குப் பென்னாகரம் பக்கம். இங்கே ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் கிடையாது.

பேச்சுலராக ரூமில் இருந்தபோது சனிக்கிழமை ராத்திரியானால் நாங்கள் நாலு பேர் மொக்கைப் படமாகத் தேடிப் பிடித்துப் பார்ப்போம். எவ்வளவு மொக்கையோ அவ்வளவு சந்தோஷம். வயிறு வலிக்கச் சிரிப்போம். கல்யாணத்துக்கு அப்புறம் அதே மாதிரி அவளோடு பார்க்க ஆசைப்பட்டேன். முதல் படத்திலேயே, 'பாவங்க, எத்தனை பேரு கஷ்டப்பட்டு எடுத்திருப்பாங்க' என்றாள். சரி என்று எனக்கு உண்மையிலேயே உயிரான படம் ஒன்றைப் போட்டேன். இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை அவளே ஒரு அம்மன் படம் பார்க்கலாம் என்றாள். சின்ன வயதில் பார்த்ததாம், ரொம்பப் பிடிக்குமாம். நானும் சந்தோஷமாக உட்கார்ந்தேன். கிராபிக்ஸ் பாம்பு வந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. ரூமில் செய்வது மாதிரி நடுநடுவே டயலாக் விட்டேன். பாம்பு சீனை போனில் எடுத்து நண்பர்கள் குரூப்பிலும் போட்டேன். எழுந்து சமையலறைக்குப் போனவள்தான், மூன்று வாரமாக என்னோடு எந்தப் படத்துக்கும் உட்காருவதில்லை. கூப்பிட்டால், 'நீங்க பாருங்க, எனக்கு நோட்டு திருத்தணும்' என்கிறாள். வெறும் படம்தானே அம்மா? நான் செய்த தப்பு என்ன? மொக்கைப் படம் பார்க்கும் ரசனையை அவளுக்கு எப்படிக் கொண்டுவருவது?

பெயர் வேண்டாத வாசகர், கிருஷ்ணகிரி


பதில்:

தம்பி,

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். 'நண்பர்கள் குரூப்பிலும் போட்டேன்.' சிரித்ததை அப்புறம் பேசலாம். சிரிப்பு வந்தால் வந்ததுதான், தும்மல் மாதிரி. ஆனால் போனை எடுத்து, கேமராவைத் திறந்து, பாம்பு மறுபடி படமெடுக்கும்வரை கையை ஆட்டாமல் பிடித்திருந்து, எடுத்ததை அனுப்பியது தும்மல் கணக்கில் வராது. அந்த நிமிஷம் உங்கள் வீட்டு ஹாலில் நீங்களும் உங்கள் மூன்று நண்பர்களும் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டீர்கள். இன்னொரு பக்கம் உங்கள் மனைவி தனியாக இருந்தார். குரூப்பில் யாராவது, 'என்ன மச்சான், வீட்லயும் ஆரம்பிச்சிட்டியா' என்று போட்டிருப்பார்கள். அது அவர் கண்ணில் பட்டதா என்று உங்களுக்குத் தெரியுமா?

வெறும் படம்தானே என்கிறீர்கள். உங்கள் உயிரான படம் ஓடும்போது அவர் தூங்கிவிட்டதை இத்தனை நாள் நினைவு வைத்திருந்து, முன்பின் தெரியாத எனக்கு எழுதுகிறீர்களே, அதுவும் வெறும் படம்தானா? 'நான் ஒன்றும் சொல்லவில்லை' என்று வேறு சேர்த்திருக்கிறீர்கள். தர்மபுரியில் ஆலோசனை கேட்டு என் அறைக்குச் சண்டை போட்டுக்கொண்டு வரும் தம்பதிகளைவிட, ஒன்றும் சொல்லாமலே இருந்து இருந்து வருபவர்கள்தான் அதிகம்.

உங்கள் கடிதத்தில் மூன்று படம் வருகிறது. உங்கள் மொக்கைப் படம், உங்கள் உயிரான படம், அவருடைய அம்மன் படம். மூன்றையும் ஒரே டிவியில் போட்டதால் மூன்றும் ஒரே வகை என்று நினைத்துவிட்டீர்கள். மொக்கைப் படத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால், 'வா, சேர்ந்து சிரிக்கலாம்' என்று பொருள். அது நொறுக்குத் தீனி மாதிரி. நடுவில் தட்டை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கை எடுப்பது. பிடித்த படத்துக்குக் கூப்பிடுவது வேறு. அது பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டுகிற மாதிரி. உள்ளே படம் மட்டும் இருக்காது. அந்தப் படம் பார்த்த வயது இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இருப்பார், அன்று சாப்பிட்டது, போட்டிருந்த சட்டை எல்லாம் இருக்கும்.

அந்தப் படத்தை யாரோடு, எங்கே பார்த்தார் என்று அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. அவர் வயதுப் பெண்கள் பென்னாகரம் பக்கத்து ஊர்களில் எப்படிப் படம் பார்த்து வளர்ந்தார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஊர்ப் பண்டிகை என்றால் டிவியும் சிடி பிளேயரும் வாடகைக்கு வரும். கோயில் எதிரே மேசை போட்டு ஏற்றி வைத்து விடியவிடிய மூன்று படம் ஓட்டுவார்கள். முதல் படம் பெரும்பாலும் அம்மன் படம்தான். சாமிக்குப் போட்ட மாதிரியும் ஆச்சு, பிள்ளைகளுக்குப் பாம்பு காட்டின மாதிரியும் ஆச்சு. பிள்ளைகள் சாக்கு விரித்து முன்னால் உட்கார, பின்னால் ஆயாக்கள் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்கள். திரையில் சூடம் காட்டினால் இங்கே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உங்கள் மனைவியும் அப்படி ஒரு ஆயா மடியில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கலாம். இது என் ஊகம். கேட்டால் வேறு கதை வரும், வரட்டும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். கல்யாணமாகி 14 மாதம் என்றால் போன வருடத் தலை ஆடிக்கு அவர் அம்மா வீட்டுக்குப் போயிருப்பார். அப்படியானால் உங்கள் வீட்டில், உங்களோடு சேர்ந்து இருக்கும் முதல் ஆடி இது. அதன் முதல் வெள்ளிக்கிழமை, தானாக வாய் திறந்து, 'எனக்குப் பிடிச்ச படம், பார்க்கலாமா' என்று கேட்டிருக்கிறார். அதுவரை எல்லாம் நீங்கள் போட்ட படம்.

நானும் இதில் சொதப்பியவள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உயிர். கல்யாணமான புதிதில் தர்மபுரியில் ஒரு தியேட்டரில் அதை மறுபடி போட்டார்கள், கூட்டிக்கொண்டு போனார். கடைசிக் காட்சிக்குப் பத்து நிமிஷம் முன்பிருந்தே அவர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார். நான் அழுகிறேனா என்று பார்க்கிறாராம். எனக்கு அழுகை வரவில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டு தடவை உறிஞ்சினேன். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காபி குடிக்கும்போது சொன்னார்: 'கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, மூக்கை மட்டும் உறிஞ்சுற.' முப்பது வருடம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பொய்யாகப் பாராட்டினால், 'மூக்கை உறிஞ்சாதே' என்போம். ஆனால் அன்றைக்கு அவருக்கு வலித்தது. எனக்குப் பிடிக்கவில்லை என்பது அவருக்குப் பெரிய விஷயமாக இல்லை. பிடித்த மாதிரி நடித்ததுதான் உறைத்தது.

அதனால் அந்த அம்மன் படத்தைப் பார்த்து நீங்கள் உருகியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அது சுமாரான படமாகவே இருக்கட்டும்.

இப்போது உங்கள் மொக்கைப் படத்துக்கு வருகிறேன். அதை ஒரு கெட்ட பழக்கமாக நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். தேவையில்லை. உலகம் பூராவும் இருக்கிற ஆசை இது. 2016-இல் ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் இருவர் இப்படிக் குப்பைப் படங்களைத் தேடிப் பார்ப்பவர்களிடம் கேள்வி கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்களாகவும், நல்ல கலைப் படம் முதல் குப்பை வரை எல்லாவற்றையும் பார்ப்பவர்களாகவும் இருந்தார்கள் என்று அதில் வந்தது. ஆகவே ரசனை கெட்டவன் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் எந்த மொக்கை நமக்குச் சிரிப்பு மூட்டுகிறது என்று கொஞ்சம் யோசியுங்கள். சோம்பேறித்தனமாக எடுத்த படம் கொட்டாவிதான் வரவழைக்கும். வேண்டுமென்றே மொக்கையாக எடுத்தால் அதைவிடக் கொடுமை. உயிரைக் கொடுத்து, 'இதுதான் காவியம்' என்று நம்பி எடுத்து, அது கவிழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சிரிப்பு வரும். சூசன் சொன்டாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1964-இல் ஒரு கட்டுரையில் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினார். இந்த வகை ரசனைக்கு அடிப்படையே தோற்றுப்போன தீவிரம்தான் என்பது அவர் கருத்து. இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் 2003-இல் லாஸ் ஏஞ்சலஸில் வெளியான 'தி ரூம்'. எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்தது எல்லாம் டாமி வைசோ என்ற ஒரே ஆள். செலவு சுமார் 60 லட்சம் டாலர். இரண்டு வாரம் ஓடி வசூலானது 1,800 டாலர். அப்புறம் அதே படத்துக்கு நள்ளிரவுக் காட்சிகளில் கூட்டம் சேர்ந்தது. அந்தப் படத்தில் வீட்டு அலங்காரமாகக் கரண்டிப் படம் ஒன்றுக்கு பிரேம் போட்டு வைத்திருப்பார்கள். அது திரையில் தெரியும் போதெல்லாம் ஜனங்கள் கையோடு கொண்டுவந்த பிளாஸ்டிக் கரண்டிகளைத் திரையை நோக்கி வீசுவார்கள். அந்த மனிதரும் சில காட்சிகளுக்கு வந்து ரசிகர்களோடு நிற்பார். திட்டிவிட்டுப் போகிற கூட்டம் இப்படி வருடக்கணக்காகக் கரண்டி தூக்கிக்கொண்டு வராது. அந்தச் சிரிப்புக்குள் ஒரு பிரியம் இருக்கிறது.

உங்கள் ரூம் சிரிப்பிலும் அது இருந்திருக்கும், இல்லையென்றால் இத்தனை வருடம் தேடித் தேடிப் பார்த்திருக்க மாட்டீர்கள். 'பாவங்க, எத்தனை பேரு கஷ்டப்பட்டு எடுத்திருப்பாங்க' என்று உங்கள் மனைவி சொன்னாரே, அதை அவருக்கு ரசனை இல்லாததன் அடையாளமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் சிரிக்கிற அதே இடத்தைத்தான் அவரும் பார்த்திருக்கிறார். உங்களுக்குச் சிரிப்பு வந்த இடத்தில் அவருக்கு இரக்கம் வந்திருக்கிறது.

அந்தப் பாம்புக்கும் ஒரு வார்த்தை பேச வேண்டும். 1995-இல் தெலுங்கில் 'அம்மோரு' வந்து, தமிழில் 'அம்மன்' என்ற பெயரில் ஓடியபோது, திரையில் அம்மன் உருவெடுப்பதைப் பார்த்து ஜனங்கள் வாய் பிளந்தார்கள். கிராபிக்ஸ் என்ற சொல்லே அப்போது நமக்குப் புதுசு. இராம. நாராயணன் யானை, குரங்கு, பாம்பு, அம்மன் என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பெண்களும் பிள்ளைகளும் வந்தால் போதும் என்று கணக்குத் தெரிந்து எடுத்தவர். அவர் தோற்றுப்போன ஆள் கிடையாது. உங்கள் மனைவி சொன்ன படத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதுவும் இந்தக் குடும்பத்துப் படம்தான் என்று தெரிகிறது. உங்கள் மொக்கை வரையறைக்குள் அது வரவே வராது. எடுத்தவர் நினைத்தது அந்த ஆயாக்களிடம் அப்படியே நடந்தது. இன்றைக்கு நம் போன் திரையில் அந்தப் பாம்பு ரப்பர் மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் கூத்து பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பிறந்துவிட்டுப் பாரதக் கூத்து பார்க்காமல் இருக்க முடியாது. கட்டியக்காரன் என்ன பாடு படுத்துவான்! ராஜாவையே கலாய்ப்பான். திரௌபதி வேஷம் கட்டிய ஆண்பிள்ளையின் மீசை மழித்த இடத்தைக் காட்டிச் சிரிக்க வைப்பான். மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு ஒட்டிய கிரீடம், ஐந்து முழச் சவுரி, இதையெல்லாம் வெளியூர்க்காரன் வந்து பார்த்தால் உங்கள் பாம்பு மாதிரிதான் தெரியும். ஆனால் துகில் உரியும் கட்டம் வந்ததும் பாருங்கள், அதே மீசை மழித்த திரௌபதிக்குக் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி எழுந்து வந்து சூடம் ஏற்றுவாள். நான் பார்த்த கூத்துகளில் எல்லாம் அந்த நேரத்தில் கட்டியக்காரன் ஓரமாக ஒதுங்கி நிற்பான். சிலர் கையையும் கட்டிக்கொள்வார்கள். அடுத்த கட்டத்தில் திரும்ப வந்து துச்சாதனனை ஓட்டு ஓட்டு என்று ஓட்டுவான், சூடம் ஏற்றிய அதே கிழவி பொக்கை வாய் தெரியச் சிரிப்பாள். அவனுக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்லித் தரவில்லை. கூட்டத்தின் முகத்தைப் பார்த்து எங்கே வாயைத் திறப்பது என்று அவனுக்குத் தெரிகிறது.

உங்கள் ஹாலில் கூட்டம் என்பது ஒரே ஒரு ஆள். அந்த முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சேர்ந்து படம் பார்ப்பது மணவாழ்க்கைக்கு நல்லதா என்று ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ரோக் என்ற உளவியலாளரின் குழு, புதிதாகக் கல்யாணமான 174 ஜோடிகளை எடுத்துக்கொண்டது. சில ஜோடிகளுக்குச் சண்டையை எப்படிப் பேசித் தீர்ப்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். சில ஜோடிகளுக்கு ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வது பற்றிய பயிற்சி. மூன்றாவது வகைக்குப் பெரிய பயிற்சி ஒன்றுமில்லை. கணவன் மனைவி கதை வரும் சினிமாப் படங்களை வாரம் ஒன்றாக ஒரு மாதத்துக்குச் சேர்ந்து பார்த்துவிட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், எதிலும் சேராத ஜோடிகளில் 24 சதவீதம் பேர் பிரிந்திருந்தார்கள். மூன்று வகையில் எதில் சேர்ந்திருந்தாலும் அது 11 சதவீதமாகக் குறைந்திருந்தது. படம் பார்த்துப் பேசியவர்கள், வகுப்புக்குப் போனவர்களுக்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை. 2013 கடைசியில் வந்த இந்த ஆய்வைப் படித்தபோது எங்கள் தொழில்காரர்களுக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, இத்தனை பயிற்சி எதற்கு என்று! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் படத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகவில்லை. 'இந்தப் புருஷன் செய்தது சரியா, நம்ம வீட்டில் இப்படி நடக்கிறதா' என்று பேசினார்கள். நீங்கள் இருவரும் மூன்று படம் பார்த்தீர்கள். ஒரு படத்தைப் பற்றிக்கூடப் பத்து நிமிஷம் பேசியதாகக் கடிதத்தில் இல்லை.

ஜான் காட்மேன் என்ற இன்னொரு உளவியலாளர் புதுத் தம்பதிகளைப் பல வருடம் கூர்ந்து பார்த்தவர். வீட்டில் ஒருவர், 'இங்கே பாரேன்' என்கிற மாதிரி சின்னதாக எதையாவது சொல்லிக் கூப்பிடும்போது மற்றவர் திரும்புகிறாரா என்று எண்ணினார். ஆறு வருடம் கழித்தும் சேர்ந்திருந்தவர்கள் அப்படிக் கூப்பிட்டபோது நூற்றுக்கு 86 தடவை திரும்பியிருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் திரும்பியது 33 தடவைதான். பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இரண்டு பேருமே கூப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் உயிரான படத்தைப் போட்டது ஒரு கூப்பாடு, அவர் ஆடி வெள்ளியில் கேட்டது ஒன்று. கூப்பிடுகிற பழக்கம் இருக்கும்வரை எனக்குக் கவலை இல்லை. 'நோட்டு திருத்தணும்' என்பது ஆறு மாதம் நீண்டால்தான் கவலை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் அந்த வீடியோ. குரூப்பில் அதை இனி அழிக்க முடியாமல் போகலாம், பரவாயில்லை. உங்கள் போனில் இருப்பதை அழித்துவிடுங்கள். நண்பர்களுக்கு, 'அது வீட்ல அவங்களுக்குப் பிடிச்ச படம்டா, நான் போட்டது தப்பு' என்று ஒரு வரி போடுங்கள். கலாய்ப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், மற்றவர் செலவில் நிறையக் கலாய்த்தவர்தானே நீங்கள். அப்புறம் மனைவியிடம் போய், 'சும்மா ஜாலிக்குத்தான் சிரிச்சேன், நீ ஏன் இதுக்கெல்லாம் கோச்சுக்கிற' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் பழி அவர்மேல் போய்விடும். 'உனக்குப் பிடிச்ச படத்தை எடுத்து என் ஃபிரெண்ட்ஸ் முன்னாடி வச்சேன், அது தப்பு' என்று செய்ததை மட்டும் சொல்லுங்கள். சிரித்ததற்கு மன்னிப்பு வேண்டாம். அனுப்பியதற்குத்தான் வேண்டும். இந்த இரண்டையும் நீங்கள் பிரித்துச் சொன்னாலே பாதிக் கோபம் இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே அந்தப் படத்தை மறுபடி போட வேண்டாம். பரீட்சை எழுதித் தோற்றவனை அன்று சாயங்காலமே திரும்ப எழுதச் சொல்கிற மாதிரி ஆகிவிடும். படத்தைப் போடாமல் படத்தைப் பற்றிக் கேளுங்கள். யாரோடு பார்த்தே, எந்த சீனுக்குப் பயந்தே, ஆயா என்ன சொன்னாங்க. அவர் சொல்லும்போது எங்காவது ஒரு இடத்தில் அவரே சிரிப்பார். டீச்சர் அவர், அந்தப் பாம்பு ரப்பர் மாதிரி இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தே பிடிக்கும். அவர் சிரித்தால் நீங்களும் சிரிக்கலாம். அவருக்கு முன்னால் நீங்கள் சிரிக்க வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னும் கொஞ்ச நாள் கழித்து அவரே, 'ஏங்க, அந்தப் பாம்பு...' என்று ஆரம்பிக்கவும் கூடும். ஆரம்பிக்காமலும் போகலாம். அந்தப் படத்தைக் கலாய்க்கும் உரிமை அவருடையது.

மொக்கைப் படத்துக்கு அவரைக் கூப்பிடுவதில் நீங்கள் செய்த தவறு ஒன்று இருக்கிறது. உங்கள் ரூமில் எல்லாருக்கும் எங்கே கத்துவது, எந்த ஆள் வந்தால் கைதட்டுவது என்று வருடக்கணக்காகப் பழகியிருந்தது. அங்கே ஐந்தாவது ஆளாக வந்து உட்கார்ந்தவருக்கு அது புரியாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பக்கத்தார் அவர்களுக்குள்ளேயே பெயர் சொல்லிச் சிரித்துக்கொள்வார்களே, பெண் வீட்டார் அசட்டுச் சிரிப்போடு நிற்பார்களே, அந்த நிலை. நீங்கள் இருபது தடவை பார்த்த படத்தைப் போடாதீர்கள். 'இப்ப பாரு, இப்ப பாரு' என்று அடுத்த சீனுக்கு முன்னோட்டம் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். பார்க்கிறவருக்குத் திரையைவிட உங்கள் தொல்லை பெரிதாக இருக்கும். இரண்டு பேருமே பார்த்திராத படமாக எடுங்கள். ஞாயிறு மதியம் டிவியில் வரும் டப்பிங் படங்களில் ஹீரோ ஒரு கையால் ரயிலை நிறுத்துவார், வில்லன் உதடு ஒரு பக்கம் போக டயலாக் இன்னொரு பக்கம் வரும். அது போதும். எடுத்தவரைப் பாவம் பார்க்கிற மனசுக்கு, கோடி கோடியாகச் செலவழித்த படத்தைக் கலாய்ப்பது அவ்வளவு உறுத்தாது. முதல் தடவை முழுப் படம் வேண்டாம், இருபது நிமிஷம் போதும். 'போதுங்க' என்று யார் சொன்னாலும் அணைத்துவிடுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தட்டில் காவேரிப்பட்டினம் நிப்பட் இருந்தால் நல்லது, வாயில் ஏதாவது இருக்கும்போது நீங்களும் கொஞ்சம் குறைவாகப் பேசுவீர்கள்.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை பழைய ரூம் ஆட்களோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எல்லாச் சிரிப்பையும் ஒரே ஆளோடு சிரித்தாக வேண்டும் என்று எந்தத் தாலியிலும் எழுதவில்லை. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தனியாகத்தான் பார்க்கிறார். நான் அந்த நேரம் அடுத்த அறையில் இருப்பேன். கடைசிக் காட்சி வரும்போது டிவி சத்தம் கொஞ்சம் கூடும். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் கூட்டுகிறார் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் உயிரான படம் மிச்சம் இருக்கிறது. அதை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் தம்பி? செகண்ட் ஷிப்ட் முடிந்து ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சாப்பிட்டு, அதற்கப்புறம் போட்டிருந்தால் நடுராத்திரி தாண்டியிருக்கும். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு டப்பா கட்டிவிட்டு, நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்தவர் அவர். தூங்கியது படத்துக்குச் சொன்ன தீர்ப்பு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போடுங்கள். போடுவதற்கு முன்னால், இந்தப் படத்தை நீங்கள் யாரோடு பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் அதை நீங்களும் சொல்லவே இல்லை. படம் ஓடும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். அன்றைக்குச் சமையல் உங்களுடையது. கறி எடுத்து வந்து குழம்பு வைத்துவிட்டு உட்காருங்கள். களி மட்டும் இடைவேளையில் கிளறிக்கொள்ளலாம், அது சூடாக இருக்க வேண்டும்.